உங்களுக்குத் தெரியுமா? ‘முடிந்தால்’ என்றால் யாருக்கு முடிந்தால்?

ஆங்கிலத்தில் ‘இஃப்’ போட்டபின் எழுவாய், வினை எதுவும் இல்லாமல் ஒரு பெயரடையோடு நிறுத்திக்கொள்ளலாம்: ‘இஃப் பாசிபிள்’, ‘இஃப் நெசசரி’. பெயரடைக்குப் பின்னால் ‘டு’ போட்டு ஒரு வினையைச் சேர்த்தும் விடலாம்: ‘ஈஸி டு ஸீ’, ‘ரெடி டு ஈட்’. இரண்டு இடத்திலும் ஓர் ஆள் காணாமல் போகிறார். யாருக்கு முடிந்தால்? யார் பார்க்க? அந்த ஆளைத் தேடிப் போனதில் கிடைத்த துணுக்குகள் இவை.

■ டாக்டர் சீட்டில் காய்ச்சல் மாத்திரைக்கு நேராக ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபாய அழைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ‘சி ஓபுஸ் சிட்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். ‘தேவைப்பட்டால்’ என்று பொருள். தேவையா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பு மூன்றே எழுத்தில் டாக்டரிடமிருந்து நோயாளிக்குக் கைமாறிவிடுகிறது. எத்தனை டிகிரி காய்ச்சலுக்கு, எத்தனை மணிநேர இடைவெளியில் என்று கேட்டுவிட்டு எழுந்து வருவது நல்லது. (கப்பலின் எஸ்.ஓ.எஸ்.ஸுக்கு விரிவாக்கமே கிடையாது. மோர்ஸ் குறியில் தட்டவும் கேட்கவும் எளிது என்பதால் 1906ஆம் ஆண்டு பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்ட குறி அது. ‘சேவ் அவர் சோல்ஸ்’ என்பது பிற்பாடு ஒட்டவைத்தது.)

■ அந்த லத்தீன் தொடருக்கு ஆங்கிலத்தில் நேர் ஜோடி ‘இஃப் நீட் பி’. ‘இஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘பி’ ஏன்? நடக்காததையும் நடக்கலாம் என்பதையும் சொல்ல ஆங்கிலம் ஒரு காலத்தில் வினைக்குத் தனி உருவம் வைத்திருந்தது. ஏறக்குறைய தேய்ந்துபோன அந்த வழக்கு இப்படிச் சில தொடர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘இஃப் ஐ வேர் யூ’வில் ‘வாஸ்’ வராமல் ‘வேர்’ வருவதும் அதன் மிச்சம்தான்.

■ ‘முடிந்தால்’ என்ற ஒரு சொல் ஒரு போரின் போக்கையே மாற்றியதா? அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிப்பவர்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொள்ளும் கேள்வி இது.

1863 ஜூலை 1, பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க். முதல் நாள் சண்டையில் தென் மாநிலப் படையின் கை ஓங்கியிருந்தது. பின்வாங்கிய வடக்குப் படை ஊருக்குத் தெற்கே செமட்டரி ஹில் என்ற மேட்டில் ஒதுங்கியது. தென் படைத் தலைவர் ராபர்ட் ஈ. லீ தன் கீழிருந்த ஜெனரல் ரிச்சர்ட் யூவெலுக்கு வாய்மொழியாகச் செய்தி அனுப்பினார்: சாத்தியப்படும் என்று தோன்றினால் அந்த மேட்டைப் பிடியுங்கள், ஆனால் மற்ற படைப்பிரிவுகள் வந்து சேரும்வரை பெரிய சண்டையில் இறங்கிவிடாதீர்கள். லீ பின்னர் எழுதிய அறிக்கையில் இருக்கும் சொல் ‘ப்ராக்டிகபிள்’. யூவெல் நிலைமையைப் பார்த்தார். படை களைத்திருந்தது, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. சாத்தியமில்லை என்று முடிவுசெய்தார். அன்று இரவே வடக்குப் படைக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். அடுத்த இரண்டு நாளும் அந்த மேட்டுத் தொடரில் மோதி மோதித் தென் படை தோற்றது. மூன்று நாளில் இரு தரப்பிலும் மாண்டவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் எல்லாமாகச் சேர்த்து ஏறக்குறைய 51,000 பேர்.

இதில் கவனிக்க வேண்டியவர் அங்கே இல்லாத ஒருவர். யூவெலுக்கு முன் அந்தப் படைப்பிரிவில் பெரும் பகுதியை நடத்தியவர் ‘ஸ்டோன்வால்’ ஜாக்சன். மே மாதம் தன் படையினராலேயே இருட்டில் தவறுதலாகச் சுடப்பட்டு இறந்துபோயிருந்தார். லீ இப்படி விட்டும் விடாமலும் உத்தரவு கொடுத்தே பழகியவர். ஜாக்சனுக்கு ‘சாத்தியப்பட்டால்’ என்று சொன்னால் ‘செய்’ என்று காதில் விழும். யூவெலுக்குச் ‘சாத்தியமா என்று பார்’ என்று விழுந்தது. அவரைக் குறை சொல்லும் புத்தகங்கள் நிறைய. எனக்கென்னவோ அவர் உத்தரவை எழுத்துப்படி நிறைவேற்றியதாகத்தான் படுகிறது. ஒரே செய்தியில் ‘பிடி’ என்பதையும் ‘சண்டை வேண்டாம்’ என்பதையும் சேர்த்து அனுப்பியவர் லீ.

■ ‘பாசிபிள்’ வேறு, ‘ப்ராக்டிகபிள்’ வேறு. இங்கிலாந்தில் சுரங்கப் பாதை ஒன்று சரிந்து ஒரு தொழிலாளி இறந்த வழக்கில் (எட்வர்ட்ஸ் எதிர் தேசிய நிலக்கரி வாரியம், 1949) மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கும் கோடு கிழித்தது. உலகில் செய்ய முடிகிற எல்லாமே ‘நியாயமாகச் சாத்தியமானது’ ஆகிவிடாது. ஒரு தட்டில் ஆபத்தையும் மறு தட்டில் அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆபத்து பெரிது, செலவு சொற்பம் என்றால் செய்தே ஆக வேண்டும் என்றது. 1974ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் முழுக்க இந்தத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. சாத்தியமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்றும் அதே சட்டம் எழுதிவைத்திருக்கிறது. ‘இஃப் பாசிபிள்’ என்று சுற்றறிக்கை அனுப்பும் நம் அலுவலகங்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது கடன் வாங்கலாம்.

■ 1940 ஜூன் 4. டன்கர்க் கடற்கரையிலிருந்து படை தப்பி வந்ததை ஒட்டி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் பேசினார். அந்தப் பேச்சில் ‘இஃப் நெசசரி’ அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது: தேவையானால் பல ஆண்டுகள், தேவையானால் தனியாக. நிபந்தனை போலத் தெரியும். கேட்டவர்களுக்கு அது உறுதிமொழியாகவே கேட்டது.

■ அதே இரண்டு சொல்லை வைத்து ஓர் அரசாங்கத்தையே இரண்டரை ஆண்டு ஓட்டியவர் கனடா பிரதமர் மெக்கன்சி கிங். இரண்டாம் உலகப் போருக்குக் கட்டாய ராணுவச் சேர்க்கை மூலம் ஆட்களைக் கடல்கடந்து அனுப்ப மாட்டோம் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆங்கிலம் பேசுவோர் அனுப்பு என்றார்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக் கூடவே கூடாது என்றது. 1942 ஏப்ரல் 27 அன்று, கொடுத்த வாக்கிலிருந்து எங்களை விடுவிக்கிறீர்களா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார். நாடு முழுவதுமாகப் பார்த்தால் ‘ஆம்’ வென்றது. கியூபெக்கில் ‘இல்லை’ பெருவாரியாக வென்றது. இரண்டு பக்கத்துக்கும் அவர் கொடுத்த விடை புகழ்பெற்றது: கட்டாயம் கட்டாயச் சேர்க்கை என்றில்லை, ஆனால் கட்டாயமானால் கட்டாயச் சேர்க்கை. தமிழில் சொன்னால் நாக்கு சுளுக்குகிறது. ஆங்கிலத்தில் ‘நெசசரிலி’, ‘நெசசரி’ என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகிறது. தேவை எப்போது வரும், வந்துவிட்டதென்று யார் சொல்வது என்பதை அந்த வாக்கியம் சொல்லவேயில்லை. 1944 நவம்பரில்தான் தேவை வந்துவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த மே மாதம் ஐரோப்பாவில் போரே முடிந்துவிட்டது. கட்டாயச் சேர்க்கையில் வந்தவர்களில் சில ஆயிரம் பேர்தான் போர்முனையைப் பார்த்தார்கள்.

கேலிக்குரிய மழுப்பல் என்று பலர் சொல்வார்கள். நாடு உடையாமல் காத்த மழுப்பல் என்றும் சொல்லலாம்.

■ ‘ரெடி டு ஈட்’ என்பது பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருந்தால் சோறு தயார். அதையே வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமாவைப் பற்றிச் சொன்னால் மாமா தயார். இலக்கண வகுப்புகளில் வழக்கமாகப் பரிமாறப்படுவது கோழி: ‘சிக்கன் இஸ் ரெடி டு ஈட்’. கோழி உயிரோடிருக்கிறதா, குழம்பிலிருக்கிறதா என்று தெரிந்தால்தான் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரியும்.

■ மொழியியலில் பெயர்பெற்ற ஒரு ஜோடி உண்டு. ‘ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்’, ‘ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்’. ஒரு சொல்தான் வித்தியாசம். முதலாவதில் மற்றவர்கள் ஜானைத் திருப்திப்படுத்துகிறார்கள்; இரண்டாவதில் ஜான் மற்றவர்களை. மேலே தெரியும் வாக்கிய அமைப்புக்கு அடியில் வேறொரு அமைப்பு இருக்கிறது என்பதைக் காட்ட நோம் சோம்ஸ்கி 1960களில் இதை எடுத்துக்காட்டினார்.

இதைக் குழந்தைகள் எந்த வயதில் பிடித்துக்கொள்கிறார்கள்? அவருடைய மனைவி கரோல் சோம்ஸ்கி அதைச் சோதித்துப் பார்த்து 1969இல் புத்தகமாக வெளியிட்டார். ஐந்து முதல் பத்து வயதுவரை உள்ள 40 குழந்தைகள். எதிரில் கண்ணைத் துணியால் கட்டிய ஒரு பொம்மை. கேள்வி: இந்தப் பொம்மை ‘ஈஸி டு ஸீ’யா, ‘ஹார்ட் டு ஸீ’யா? பொம்மையோ பட்டப்பகலில் கண்ணெதிரே இருக்கிறது. ஆனாலும் சின்னக் குழந்தைகள் பல ‘ஹார்ட்’ என்றன. ஏன்? அதற்குத்தான் கண் கட்டியிருக்கிறதே! சரி, ‘ஈஸி’யாக ஆக்கு என்றால் போய்க் கட்டை அவிழ்த்துவிட்டன. பார்ப்பது தாங்கள் அல்ல, பொம்மை என்று அவை புரிந்துகொண்டிருந்தன. எல்லாக் குழந்தைகளும் சரியாகச் சொன்னது ஒன்பது வயதுக்கு மேல்தான். ஐந்து வயதுக்குள் தாய்மொழி இலக்கணம் முழுக்க வந்துவிடும் என்று அதுவரை பரவலாக நம்பப்பட்டதற்கு இது நல்ல குட்டு.

தமிழில் இதே சோதனையை நடத்துவது கஷ்டம். ‘பொம்மையைப் பார்ப்பது சுலபமா?’ என்று கேட்டால் அந்த ‘ஐ’ யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று போட்டுக் கொடுத்துவிடும்.

■ ‘ரிமூவ் டூ’ என்ற கேள்வி பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளை எழுதியவர்களுக்கு மறந்திருக்காது. ‘டூ ஹாட் டு டிரிங்க்’ என்பதை ‘சோ ஹாட் தட்… கெனாட்’ என்று மாற்றினால் மதிப்பெண். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் வாக்கிய மாற்றங்களில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறது. ‘டூ… டு’ தொடரில் ‘நாட்’ எங்குமே இல்லை, ஆனாலும் பொருள் எதிர்மறை. பயிற்சியின் நோக்கமே ஒளிந்திருக்கும் அந்த ‘நாட்’டை வெளியே இழுப்பதுதான். மாற்றும்போது குடிப்பவரும் வெளியே வந்தாக வேண்டும்: ‘ஐ’யா, ‘ஒன்’னா, ‘வீ’யா? கேள்வித்தாள் சொல்லாது, மாணவர் தாமே ஒருவரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். நம்மில் பலர் கூடுதலாக ஓர் ‘இட்’டையும் போட்டு ‘தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க் இட்’ என்று எழுதிவிடுவோம். டீ ஏற்கெனவே வாக்கியத்தின் தலைமாட்டில் இருப்பதால் அந்த ‘இட்’ வேண்டாம்.

■ ‘இஃப்’ இல்லாமலும் நிபந்தனை உண்டு. ‘இட் வுட் பி ஃபூலிஷ் டு ரெஃப்யூஸ்’: மறுத்தால் முட்டாள்தனம் என்று பொருள். தமிழில் ‘ஆல்’ செய்யும் வேலையை ‘வுட்’டும் ‘டு’வும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ‘ஐ வுட் பி ஹேப்பி டு ஹெல்ப்’ என்கிறவர் உதவுவதாக இன்னும் சொல்லவில்லை. உதவ நேர்ந்தால் மகிழ்ச்சி என்கிறார், அவ்வளவுதான்.

■ ஒரு கொசுறு. இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒன்றுபோல நடக்கின்றன. நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லும்போதும் ‘வந்தால்’, ‘பெய்தால்’, ‘போனால்’ என்று இறந்தகால வினையடியில்தான் நாம் ‘ஆல்’ சேர்க்கிறோம். ‘இஃப் ஹி கேம்’ என்பதும் அப்படியே. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளை வரிசைப்படுத்தும்போது ‘செயின்’ என்பதையும் ‘செய’ என்பதையும் அடுத்தடுத்து உட்காரவைக்கிறது. முன்னது நிபந்தனை, பின்னது கிட்டத்தட்ட ஆங்கிலத்தின் ‘டு’ வினை.

■ இந்திய அரசமைப்பின் 356ஆம் பிரிவு ‘இஃப்’ என்றுதான் தொடங்குகிறது. ஆளுநரிடமிருந்து அறிக்கை வந்தோ ‘வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் ‘திருப்தி’யடைந்தால் ஒரு மாநில ஆட்சியைக் கலைக்கலாம். அந்தத் திருப்திக்கு அளவுகோல் எதுவும் தரப்படவில்லை. 1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் மு. கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டபோது ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலாவின் அறிக்கை இல்லை. கைகொடுத்தது அந்த ‘வேறு வகை’தான். 1994 மார்ச்சில் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருப்தி வெறும் விருப்பமாக இருக்க முடியாது, அதற்கு ஆதாரம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. ‘இஃப்’ தொடங்கிவைத்த விவகாரத்துக்கு நீதிமன்றம் கதவு திறக்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

■ அமெரிக்க அரசமைப்பில் நாடாளுமன்றத்தின் அதிகாரங்கள் ஒவ்வொன்றும் ‘டு’ போட்டுத் தொடங்கும்: வரி விதிக்க, கடன் வாங்க, போர் அறிவிக்க. கடைசி ‘டு’தான் வம்பு. இவற்றை நிறைவேற்ற ‘நெசசரி அண்ட் ப்ராப்பர்’ ஆன சட்டங்களை இயற்ற என்கிறது அது. அரசமைப்பில் வங்கி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் வங்கி தொடங்கினார்கள். மேரிலாந்து மாநிலம் அதன்மேல் வரி போட்டது. 1819இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, ‘நெசசரி’ என்றால் அது இல்லாமல் ஆகாது என்று பொருள், வங்கி அப்படிப்பட்டதல்ல என்று மாநிலத் தரப்பு வாதிட்டது. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சில பத்திகள் தள்ளி விரல் வைத்தார். அங்கே இன்னொரு இடத்தில் ‘அப்ஸல்யூட்லி நெசசரி’ என்று இருக்கிறது. எழுதியவர்களுக்கு அந்தக் கடுமை தேவைப்பட்ட இடத்தில் ‘அப்ஸல்யூட்லி’ போட்டிருக்கிறார்கள், இங்கே போடவில்லை. வங்கி பிழைத்தது, வரி செல்லாது என்றாயிற்று. அமெரிக்க மத்திய அரசு இன்று இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அந்த விடுபட்ட ஒரு சொல்லுக்கும் பங்குண்டு.

■ 1990 நவம்பர் 29 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 678ஆம் தீர்மானத்தில் ‘போர்’ என்ற அனுமதி நேராக இல்லை. ஜனவரி 15க்குள் ஈராக் முந்தைய தீர்மானங்களுக்குக் கட்டுப்படாவிட்டால் ‘தேவையான எல்லா வழிகளையும்’ கையாளலாம் என்றுதான் இருந்தது. கெடு முடிந்து இரண்டாம் நாள் பாக்தாத்தில் குண்டு விழுந்தது.

■ ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் ஜே.எல். ஆஸ்டின் 1956இல் ஆற்றிய ஓர் உரையில், வேண்டுமென்றால் அலமாரிமேல் பிஸ்கட் இருக்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். நமக்கு வேண்டாமென்றால் பிஸ்கட் மறைந்துவிடுமா? ‘இஃப்’ இருக்கிறது, நிபந்தனை இல்லை. இந்த வகைக்குப் ‘பிஸ்கட் நிபந்தனை’ என்றே மொழியியலில் பெயர் நிலைத்துவிட்டது. ‘பசிச்சா அடுப்பங்கரையில தோசை இருக்கு’ என்கிற அம்மாவும் இதைத்தான் சொல்கிறார். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்ற அரசியல்வாதியின் அறிக்கை மட்டும் இதில் சேராது. அதில் நிபந்தனை நிஜமாகவே இருக்கிறது: புண்படாவிட்டால் வருத்தமும் கிடையாது.

■ அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ‘அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று நிருபர்கள் கேட்கும்போது ‘இஃப்பி’யான கேள்வி என்று சொல்லித் தட்டிக்கழிப்பார். ‘இஃப்’புக்கு வால் வைத்துப் பெயரடையாக்கிய அந்தச் சொல் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு.

■ ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘இஃப்’ என்ற கவிதை 1910இல் புத்தகத்தில் வந்தது. மொத்தம் 32 வரி. நிபந்தனைகள் 30 வரிக்கு அடுக்கிக்கொண்டே போகின்றன, ‘அப்படியானால் என்ன?’ என்பதற்கான விடை கடைசி இரண்டு வரியில்தான்.

■ ஸ்பார்ட்டா அதற்கு நேர்மாறு. உங்கள் நாட்டுக்குள் நான் நுழைந்தால் உங்களை அழித்துவிடுவேன் என்று மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் மிரட்ட, ஸ்பார்ட்டர்கள் திருப்பி அனுப்பியது ஒரே ஒரு சொல், ‘நுழைந்தால்’ என்ற அர்த்தத்தில், என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார்.

■ அழைப்பிதழில் ‘ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.’ என்று அச்சடிக்காதீர்கள். அந்தக் கடைசி மூன்று எழுத்து ‘சில் வூ ப்ளே’. ‘உங்களுக்கு விருப்பமானால்’ என்ற பிரெஞ்சு நிபந்தனை. ஆங்கில ‘ப்ளீஸ்’ஸும் ‘இஃப் யூ ப்ளீஸ்’ போன்ற தொடர்கள் தேய்ந்து வந்ததுதான்.

■ 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளின் டெனெரீஃப். பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். விமான வரலாற்றில் இதுவே மிக மோசமான விபத்து. ஓடத் தொடங்கிவிட்ட டச்சு விமானத்திலிருந்து வந்த செய்தி ‘வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்பது போல ஒலித்தது. கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். டச்சு மொழியில் நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்ல, ‘அட்’ போன்ற ஒரு முன்னிடைச் சொல்லோடு ‘டு’ வினைக்கு நிகரான வடிவத்தைச் சேர்ப்பார்கள். விமானி ஆங்கிலச் சொற்களைத் தன் மொழி வழக்கில் கோத்துவிட்டார் என்று சில மொழியியலாளர்கள் விளக்குகிறார்கள். அதன்பின் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்துசெய்யும்போதும் தவிர வேறெப்போதும் உச்சரிக்கக் கூடாது என்று விதி வந்தது. மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’.

நிபந்தனையோடு கூடிய அனுமதிகளும் வானொலியில் உண்டு. ‘இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்குப் பின்னால் ஓடுபாதைக்குள் வந்து நில்லுங்கள்’ என்பது மாதிரி. சர்வதேச நடைமுறைப்படி இதில் நிபந்தனை முதலில் வர வேண்டும், அனுமதி பிறகு வர வேண்டும், முடிக்கும்போது ‘பிஹைண்ட்’ என்று நிபந்தனையை மறுபடியும் சொல்ல வேண்டும். விமானி அத்தனையையும் திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த விமானத்துக்குப் பின்னால் என்பது இருவர் கண்ணுக்கும் தெரியாவிட்டால், ஓடுபாதை தொடர்பான இந்த அனுமதியைக் கொடுக்கவே கூடாது.